கஞ்சி போட்ட தீக்கட்டி

அந்தச் சலவைக்கூடத்தில் எட்டு டிரையர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குப் பெரியது. ஓட்டல் படுக்கைவிரிப்பும் ஆஸ்பத்திரிப் போர்வையும் ஈரத்தோடு உள்ளே போய்ச் சூட்டோடு வெளியே வரும். துணி உருள உருள அதிலிருந்து பஞ்சு உதிரும். உதிர்கிற பஞ்சு அத்தனையும் கீழே இருக்கிற ஃபில்டர் தட்டில் வந்து மெத்தை மாதிரிப் படியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதை உரித்து எடுத்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதை உரித்தவளுக்கு டிரையர் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது.

ஆள் குள்ளம். குரல் அதற்கு நேர்மாறு. எட்டு டிரையரும் ஒன்றாக ஓடும்போது பேசிப் பேசிப் பழகிய குரல், வீட்டில் உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். சுத்தம் என்றால் அவளுக்கு ஒரு பித்து. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரில் அழுக்குக் கோடு தெரிந்தால் அன்றைக்கு முழுவதும் அவளுக்கு வேலை ஓடாது. ஒரு தடவை பொறுக்க முடியாமல் தோளைத் தட்டிக் கேட்டே விட்டாள்.

"இந்தச் சட்டையை எங்கே போடறீங்க?"

"உடம்புலதாங்க," என்றார் அவர்.

"வெளுக்க எங்கே போடறீங்கன்னு கேட்டேன்."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். அது அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். கஞ்சி போடாத துணியை அவள் துணி என்று ஒத்துக்கொண்டதே இல்லை. தலையணை உறைக்குக் கஞ்சி, ஜன்னல் திரைக்குக் கஞ்சி, பாத்திரம் துடைக்கிற துணிக்கும் கஞ்சி. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கைக்குட்டையை மடித்து மேசையில் நிறுத்தினால் நிற்கும். ஜலதோஷம் பிடித்தால் மனுஷனுக்கு மூக்கைவிட மூக்கின் தோல்தான் அதிகம் வலிக்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு நல்ல மனுஷன், அல்லது அவ்வளவு விவரமான மனுஷன்.

இப்படிப்பட்டவளுக்கும் நெருப்புக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்றால், அதற்குப் பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது மகளுக்கு எட்டு வயசு. ஒரு லீவு நாளில் மூன்று பேருமாக மலை ஏறப் போனார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வனத்துறைக்காரர்கள் மலைப்பாதை நெடுக ஆறு குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் ஒதுங்குவதற்காக. அதில் ஒன்றுக்குள் ஓடி நுழைந்தார்கள். உள்ளே இரும்பு அடுப்பு இருந்தது, கட்டையும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டையும் தொடைத் தடிமன். பற்றவைக்கச் சுள்ளி என்று ஒன்றுகூடக் கிடையாது. கையில் இருந்தது ஏழே ஏழு தீக்குச்சி. முதலில் பஸ் டிக்கெட்டை எரித்தார்கள். பிறகு பிஸ்கட் சுற்றி வந்த காகிதத்தை. கடைசியாக மலைப்பாதையின் வரைபடத்தை எரித்தார்கள். அது ரொம்ப அழகாக, அரை நிமிஷம் எரிந்தது. மறுநாள் காலையில் எந்தப் பக்கம் இறங்குவது என்று மூன்று பேரும் வாசலில் நின்று முழித்தபோதுதான் எரித்தது எது என்று உறைத்தது.

ஆனால் அந்த மறுநாள் வருவதற்குள் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. பல்லோடு பல் அடிக்கிற சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. டிரையர் அக்கா தன் கோட்டுக்குள் மகளை வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, விடிகிறவரை உட்கார்ந்தபடியே இருந்தாள்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு அவள் வேறு ஊரில் பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறாள். அந்தப் பேச்சு வந்தால், "மேப்பை எரிச்ச குடும்பம் நம்ம குடும்பம்தாம்மா," என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அம்மாவால்தான் சிரிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த நீல உதடு வந்து நிற்கும்.

மலையிலிருந்து இறங்கிய அடுத்த வாரம், சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார்.

"ஃபில்டரை ஒழுங்கா சுத்தம் பண்ணுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது. இந்தப் பஞ்சு சாதாரணப் பஞ்சு இல்ல. ஒரே ஒரு பொறி பட்டாப் போதும், கட்டடமே போயிடும்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டிரையர் அக்கா மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

"நிஜமாவா சார்? ஒரு பொறியே போதுமா?"

"போதும். அதுக்கு ஏன் உனக்கு முகம் இப்படிப் பூரிக்குது?"

அன்று சாயங்காலம் அவள் ஒரு பை நிறையப் பஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். குப்பைக்குப் போகிற பஞ்சுதான், யாரும் தடுக்கவில்லை.

முதல் வருஷம் போனது முழுக்கத் தவறான வழியில். போர்வையிலிருந்து வந்த பஞ்சை எடுத்துக் கொளுத்தினாள். அது எரியவில்லை, உருகியது. போர்வை நூலில் பாதி பிளாஸ்டிக் என்பது தெருவெல்லாம் நாற்றம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. பிறகு பருத்தி விரிப்பின் பஞ்சை மட்டும் தனியாகப் பிரித்தாள். ஓட்டல் மேசைவிரிப்பு ஏற்றி வருகிற வண்டிக்காரர், அங்கே எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை அவளுக்காகப் பொறுக்கி வைத்துக் கொடுத்தார். முதல் தடவை மெழுகை நேராக அடுப்பில் வைத்து உருக்கினாள். குப்பென்று பிடித்துக்கொண்டது. சமையலறைக் கூரையில் வட்டமாக ஒரு கரி விழுந்தது. நாலு தடவை வெள்ளையடித்தும் போகவில்லை. அதற்குப் பிறகு கொதிக்கிற தண்ணீருக்குள் தகர டப்பாவை இறக்கி, அதில் மெழுகை உருக்கக் கற்றுக்கொண்டாள்.

முட்டை வாங்குகிற அட்டை இருக்கிறதே, அதன் ஒவ்வொரு குழியிலும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து, அமுக்காமல் நிரப்புவாள். அமுக்கக் கூடாது, அதில்தான் சூட்சுமம். உள்ளே காற்று இருந்தால்தான் நெருப்பு மூச்சு விடும். மேலே உருகிய மெழுகை ஊற்றி, உச்சியில் கொஞ்சம் பஞ்சைத் திரி மாதிரி இழுத்து விடுவாள். ஆறியதும் குழி குழியாகக் கத்தரித்தால் ஆயிற்று. ஒன்றைப் பற்றவைத்தால் பதினொரு நிமிஷம் நின்று எரியும். ஈர விறகுகூட அந்தச் சூட்டுக்கு மசிந்துவிடும். அவள் அதற்குத் தீக்கட்டி என்று பேர் வைத்தாள்.

கொழுந்தன் வைத்த பேர் வேறு. அவன் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவன். அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு திரிந்தவன், இன்றைக்கு நாற்பது வயசு ஆகியும் அதே வாய்.

"அண்ணியோட கேக் ரெடியா?" என்றுதான் உள்ளேயே நுழைவான். "உலகம் கேஸுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு. பட்டனைத் திருகினா நீலமா எரியுது. நீங்க ஆஸ்பத்திரிக் குப்பையை வச்சுக்கிட்டு."

"உன் கேஸ் மலைமேல ஏறி வருமாடா?"

"சின்ன சிலிண்டர் இருக்கு அண்ணி. பையில போட்டுக்கலாம்."

"தீந்து போச்சுன்னா?"

"இன்னொண்ணு போட்டுக்கலாம்."

"அதுவும் தீந்தா?"

"அப்ப இறங்கி வந்துடலாம் அண்ணி. மலை என்ன நம்ம சொந்தமா?"

இப்படிப் பத்து வருஷம் ஓடியது. தீக்கட்டி வீட்டோடு இருந்தது. குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் போடப் போகும்போது எடுத்துக்கொண்டு போவாள். எரியும். எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். அவள் மனசில் மட்டும் ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. எரிய வேண்டிய இடம் ஏரிக்கரை இல்லை, அந்த ஆறு குடில்கள்.

அதற்கு வழி திறந்தது ஒரு லிஃப்டால். திறக்காத லிஃப்டால் என்றுதான் சொல்ல வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ரேஞ்சர் மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வயசுப் பெண், கறாரானவர் என்று பேர். வீட்டுக்காரர் போய்க் கதவுக்கு வெளியே நின்று பழுது பார்த்தார். உள்ளே மாட்டியவர்களுக்குப் பயம் வராமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் தொழிலில் ஒரு விதி. பேசத் தெரியாத மனுஷனுக்குப் பேச என்ன இருக்கிறது? பெண்டாட்டி செய்கிற தீக்கட்டியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். ரேஞ்சருக்குக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கதவு திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை. "அது ஈர விறகுக்கும் பிடிக்குமா?" என்பதுதான். குளிர்காலத்தில் இரண்டு குடிலில் ஆட்கள் அடுப்புப் பற்றவைக்க முடியாமல் விறைத்துப் போய்க் கிடந்தார்களாம். கடையில் வாங்கி வைத்ததை எல்லாம் எலி தின்றுவிட்டதாம்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்கு வரேன். செஞ்சு காட்டச் சொல்லுங்க. சரியா இருந்தா ஆறு குடில்லயும் வைக்கிறேன். இல்லேன்னா இல்ல."

வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னபோது டிரையர் அக்கா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பகலில் உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ஆறுலயும்னா, அந்தக் குடில்லயுமா?"

"ஆறுல அதுவும் ஒண்ணுதானே."

பாதி தேய்த்த சட்டை அப்படியே கிடந்ததைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது, இது விளையாட்டு இல்லை என்று.

அந்த வாரம் சலவைக்கூடத்திலேயே நல்ல பஞ்சாகப் பார்த்துப் பொறுக்கினாள். வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பஞ்சைப் பரப்பினாள். பரப்பியவள் கண்ணில் ஒரு முடி பட்டது. யாரோ ஒருவருடைய தலைமுடி, சுருட்டை. பத்து வருஷத்தில் அப்படி ஆயிரம் முடியைப் பார்த்தவள்தான், ஒன்றும் தோன்றியதில்லை. ஆனால் இது வீட்டு உபயோகத்துக்குப் போகிற முடி இல்லை. அரசாங்கத்துக்குப் போகிற முடி. முன்பின் தெரியாதவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். திறந்து, இதை எந்த வீட்டில் செய்தார்கள் என்று மூக்கைச் சுளிப்பார்கள்.

டிரையர் அக்கா எழுந்தாள். பஞ்சு முழுவதையும் தலையணை உறைக்குள் திணித்து வாயைக் கட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். கும்மினாள். மூன்று தண்ணீரில் அலசினாள். வெள்ளை இன்னும் எடுக்கட்டும் என்று நீலம் போட்டாள்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பஞ்சைத் துவைக்கிறியா?" என்றார் மெதுவாக.

"பின்ன அழுக்கோடவா குடுப்பாங்க?"

அடுப்பில் இன்னொரு பாத்திரம் கொதிப்பதை அவர் எட்டிப் பார்த்தார். "அது என்ன, கஞ்சியா?"

"பெரிய இடத்துக்குப் போற பொருள். தொளதொளன்னா போகும்?"

பஞ்சு காய்ந்து வந்தபோது பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. சதுரம் சதுரமாக வெட்டிக் குழியில் வைத்தாள், மேலே மெழுகை ஊற்றினாள். மெழுகு வழவழவென்று மேலேயே நின்று மினுங்கியது. மொத்தம் முப்பத்தாறு. கடை அலமாரியில் வைத்தால் குழந்தைகள் கேட்டு அழும், அவ்வளவு அழகு.

"ஒண்ணைக் கொளுத்திப் பாத்துடலாமே," என்றார் வீட்டுக்காரர்.

"குடிலுக்கு ஆறு. ஆறாறு முப்பத்தாறு. ஒண்ணைக் கொளுத்திட்டா ஒரு குடிலுக்கு அஞ்சாப் போயிடும்."

"அங்க ரேஞ்சர் முன்னால கொளுத்தினாலும் குறையுமே."

"அது அவங்களுக்காகக் கொளுத்தறது. அது கணக்குல வராது."

அவர் போய்ச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமையே போய் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார்கள். கொழுந்தனும் வந்தான், வேடிக்கை பார்க்க. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும்போதே தூறல். அவனிடம் ஒரு காக்கி ஜாக்கெட் உண்டு. அதை மாட்டிக்கொண்டு, தன் சின்னக் கேஸ் அடுப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ரேஞ்சர் வர்றதுக்குள்ள ஒரு டீ போட்டுடவா?"

"இன்னிக்கு இந்த இடத்துல கேஸ் எரியக் கூடாது."

"எனக்கு இப்பவே குளிருது."

"குளிரட்டும். அப்பதான் அருமை தெரியும்."

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ரேஞ்சர் இறங்கினார். பின்னாலிருந்து தானே இரண்டு கட்டு விறகை இழுத்துப் போட்டார். விறகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிறகு ஒரு தீப்பெட்டியைத் திறந்து மூன்றே மூன்று குச்சியை எண்ணிக் கொடுத்தார்.

"மூணு குச்சி, நனைஞ்ச விறகு, அஞ்சு நிமிஷம். குடில்ல மாட்டினவங்ககிட்ட இதுக்கு மேல எதுவும் இருக்காதும்மா."

டிரையர் அக்கா பெட்டியின் மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். ரேஞ்சர் குனிந்து பார்த்தார்.

"இது சாப்பிடறதா?"

"நான் பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன் மேடம்," என்றான் கொழுந்தன்.

வீட்டுக்காரர் விறகின் உள்பக்கத்தைக் கத்தியால் சீவிச் சிராய் எடுத்து வைத்தார். அதற்கு நடுவில் ஒரு தீக்கட்டியை வைத்து, அவள் முதல் குச்சியைக் கிழித்தாள். மேல் மெழுகு பிடித்தது. சின்னச் சுடர் ஒன்று நிமிர்ந்து நின்றது. அவள் சுற்றி இருந்த மூன்று முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்து முடிப்பதற்குள் சுடர் படுத்துவிட்டது. கட்டியின் ஓரம் கறுத்துப் புகைந்து, ரொட்டி கருகுகிற வாசனை வந்தது.

"டோஸ்ட் வாசனை வருதே அண்ணி."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி தள்ளிப் போனான். இரண்டாவது கட்டி, இரண்டாவது குச்சி. அதே சுடர், அதே புகை, அதே ரொட்டி. ரேஞ்சர் நோட்டை எடுத்து என்னவோ எழுதினார்.

"தீக்குச்சி சரியில்ல மேடம்," என்றாள் டிரையர் அக்கா.

"குச்சி நல்லாத்தாம்மா எரிஞ்சுது. கட்டிதான் எரியல."

"காத்து அடிக்குது."

"அடிக்கலையேம்மா. ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது."

டிரையர் அக்கா கத்தியை வாங்கி ஒரு தீக்கட்டியை இரண்டாகப் பிளந்தாள். கத்தி சுலபத்தில் இறங்கவில்லை. உள்ளே இருந்தது பஞ்சு இல்லை, அட்டை. நகத்தால் தட்டிப் பார்த்தாள், டக் டக் என்றது. மெழுகு ஒரு நூல்கூட உள்ளே இறங்கவில்லை. காற்றுக்கு இடமே இல்லை. அப்படி ஒரு கஞ்சியைச் சட்டைக் காலருக்குப் போட்டிருந்தால் சூப்பர்வைசரே கை தட்டியிருப்பார்.

இந்த ரேஞ்சர் கறாரானவராக இல்லாமல், பார்க்காமலே வாங்கிக்கொண்டு போய்க் குடிலில் வைத்திருந்தால்? மழையில் நனைந்து வந்து ஒரு தாய் இந்தப் பெட்டியைத் திறந்திருந்தால்? ஒன்றொன்றாகக் கொளுத்தி, ஒன்றொன்றாக அணைந்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"தப்பு என்மேலதான் மேடம். நான் துவைச்சுட்டேன்."

"எதை?"

"பஞ்சை."

ரேஞ்சர் எழுதுவதை நிறுத்தினார். "பஞ்சையா?"

"கஞ்சியும் போட்டேன்."

"நீலமும்," என்றார் வீட்டுக்காரர், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று.

கொழுந்தன் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. ரேஞ்சர் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "கஞ்சின்னா எலி கூட்டம் கூட்டமா வரும்மா. சரி, பரவாயில்ல, நான் கிளம்பறேன்," என்று நோட்டை மூடினார்.

"இன்னும் ஒரு குச்சி இருக்கு மேடம்."

"கட்டிதான் எரியாதே."

"குச்சி இருக்குல்ல. அஞ்சு நிமிஷத்துல இன்னும் மிச்சம் இருக்கா இல்லையா?"

ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டே கால் நிமிஷம் இருக்கு."

"எல்லாரும் பாக்கெட்டை வெளிய இழுங்க."

சலவைக்காரிக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. உலகத்தில் எந்த மனுஷனும் பஞ்சு இல்லாமல் நடமாடுவதில்லை. பாக்கெட்டின் அடித் தையலில், மூலையில், சுருண்டு கிடக்கும். சுமக்கிறவனுக்கே தெரியாது. முதலில் வீட்டுக்காரர் பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பினாள். மொடமொடவென்று சுத்தமாக இருந்தது.

"எனக்கு எப்படி இருக்கும்? நீதான் வாரா வாரம் பிரஷ் போட்டுத் தேய்க்கிறியே," என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ரேஞ்சரின் சீருடைப் பாக்கெட்டில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு தேறியது. பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். அவன் ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் அண்ணி, உள்ள டூல்ஸ் இருக்கு."

"கழட்டுடா."

"இது தண்ணிய பாத்தே மூணு வருஷம் ஆச்சு. நீங்க தாங்க மாட்டீங்க."

அவள் கழற்றினாள். நாலு பாக்கெட். ஸ்பானரை எடுத்துப் போட்டுவிட்டு மூலைகளில் விரலை விட்டாள். வந்தது பாருங்கள், ஒரு கைப்பிடி. கை துடைத்த பழைய துணியின் நூல், அடுப்பு எண்ணெய், பிஸ்கட் தூள், எல்லாம் சேர்ந்து புசுபுசுவென்று. வேறு நாளாக இருந்தால் அவள் அவனை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊற வைத்திருப்பாள். அன்றைக்கு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் நீ குளிக்காம திரிஞ்சது வீண் போகலடா தம்பி."

"குளிக்கறேன் அண்ணி. ஜாக்கெட்தான் குளிக்கல."

வீணாய்ப் போன தீக்கட்டியின் மேலிருந்து மெழுகைச் சுரண்டி அந்த அழுக்கில் கலந்தாள். அமுக்காமல், காற்று ஓட, முட்டை அட்டையின் காய்ந்த துண்டில் வைத்தாள். கடைசிக் குச்சியைக் கிழித்தாள். அது பிடித்த வேகத்தில் வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். சிராய் சடசடத்தது, ஈரம் சீறியது, புகை வந்தது, புகைக்குப் பின்னால் நெருப்பு வந்தது. நெருப்பு விறகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நாலு நிமிஷம், நாப்பது செகண்ட்," என்றார் ரேஞ்சர்.

தேநீர் கொதித்தது. ரேஞ்சரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நெருப்பு நல்லா மூட்டறீங்கம்மா. ஆனா நான் குடில்ல வைக்கப் போறது உங்களை இல்ல. பெட்டியை. பெட்டி எரியல."

டிரையர் அக்கா காலி டம்ளரை வெடுக்கென்று வாங்கினாள். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டால் அவளுக்கு ரொம்பக் கோபம் வரும்.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நேரம் தரேன். துவைக்காம கொண்டு வாங்க."

"அதுல முடி இருக்கும் மேடம்."

"இருக்கட்டும்."

"யாரோ எவரோ படுத்த படுக்கையோட பஞ்சு. நூல் இருக்கும், தூசி இருக்கும். திறக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நடுங்கிக்கிட்டு வர்றவன் முடி இருக்கான்னா பாப்பான்? எரியுதான்னு பாப்பான்."

வீடு வந்து சேர்கிறவரை டிரையர் அக்கா அதையே அசைபோட்டாள். சரி என்று மூளை சொன்னது. கைதான் கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மூட்டையை அவிழ்த்துப் பஞ்சின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு முடி தெரிந்தது, எடுத்தாள். இன்னொன்று தெரிந்தது, அதையும் எடுத்தாள். அரை மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது ஒரு பிடிப் பஞ்சு சுத்தமாக இருந்தது, பக்கத்தில் வாளி இருந்தது, வாளியில் தண்ணீர் இருந்தது.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார்.

கொழுந்தன் வந்தான். அழுக்கைப் பற்றி எந்த மனக்கஷ்டமும் இல்லாத ஆள் அந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் குழியில் போட்டான், விசில் அடித்துக்கொண்டே. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மெழுகை மட்டும் ஊற்றினாள்.

"அமுக்காதடா. காத்து வேணும்."

"நீங்க பாக்காமயே எப்படித் தெரியுது அண்ணி?"

"சத்தத்துலயே தெரியுது. அதுல என்ன பச்சையா?"

"ஏதோ நூலு. ஏன் பாக்கறீங்க? அந்தப் பக்கம் திரும்புங்க."

இந்தத் தடவை நாற்பத்திரண்டு செய்தார்கள். ஒவ்வோர் அட்டையிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கொல்லைப்புறத்தில் கொளுத்தினார்கள். கொளுத்தியது எல்லாம் பதினொரு நிமிஷம் எரிந்தது. எலி புகாமல் இருக்க ஆறு தகர டப்பா வாங்கினார்கள், இறுக்கமான மூடியோடு.

"டப்பாவைக் கழுவலாமில்ல?" என்று கேட்டாள் டிரையர் அக்கா. அவள் அனுமதி கேட்டு ஒரு காரியம் செய்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"டப்பாவை எவ்வளவு வேணும்னாலும் கழுவு," என்றார் வீட்டுக்காரர்.

அவள் ஒவ்வொன்றையும் மூன்று தடவை கழுவி, வெயிலில் கவிழ்த்து, துடைத்து, மறுபடியும் கழுவினாள்.

சனிக்கிழமை வனத்துறை அலுவலகத்துக்கு மூன்று பேருமாகப் போனார்கள். லிஃப்ட் வேலை செய்தது, ஆனாலும் ரேஞ்சர் படி வழியாகத்தான் இறங்கி வந்தார். டப்பாக்களை வாசல் படியில் வரிசையாக வைக்கச் சொன்னார். நாலாவது டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து ஒன்றை அவராகவே எடுத்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. சாம்பல் நிறம், கோணல் மாணல், ஒரு பக்கம் மெழுகு வழிந்திருந்தது. படியின் மேல் வைத்து ஒரே குச்சியில் பற்றவைத்தார். தோட்டத்துக் குழாயடியில் கிடந்த ஒரு நனைந்த மரத்துண்டை மேலே சாய்த்தார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று, எரிந்தது. ஏழு நிமிஷம் ஆயிற்று, மரத்துண்டின் ஓரம் பிடித்தது. அலுவலகத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கூடினார்கள். டிரையர் அக்கா நெருப்பைப் பார்க்கவில்லை. ரேஞ்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு நிமிஷம் தாண்டித்தான் அது அடங்கியது.

ரேஞ்சர் நோட்டைத் திறந்து, ஆறு குடிலின் பெயருக்கு நேராகவும் ஆறு கோடு போட்டார். "இன்னிக்கே ஜீப் மேல போகுது. சாயங்காலத்துக்குள்ள ஆறுலயும் வச்சுடுவாங்க."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணன் அவன் காலை மிதித்தார்.

டப்பாக்களை ஜீப்பில் ஏற்றினார்கள். நாலாவது டப்பாவுக்கு இன்னும் மூடி போடவில்லை. எடுத்த ஒன்றுக்குப் பதிலாக, கையோடு கொண்டுவந்த ஒன்றை அதில் வைக்கப் போன டிரையர் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மேலே இருந்த கட்டியின் உச்சியில், திரிக்குப் பக்கத்தில், சுருள் சுருளாக ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றாள், எட்டு டிரையருக்குப் பழகிய குரல் இப்போது பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடவா?"

ரேஞ்சர் மூடியைப் போட்டு அமுக்கினார்.

"தொடாதீங்க."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஜீப் கிளம்பி, வளைவில் திரும்பி, மலைப்பாதையில் ஏறி மறைகிறவரை கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை.